‘இதுகூடவா தெரியாது?’ என்று கேட்பதற்கு முன்

மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். அம்மா இருப்பது சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு கிராமம். ஒரு சனிக்கிழமை காலை இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள்.

“அம்மா, உன் ஆதாரை டவுன்லோடு பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன். கடையில கொடுத்துப் பிரிண்ட் எடுத்துக்கோ. அவ்வளவுதான்.”

“சரிய்யா.”

ஒரு மணி நேரம் கழித்து அம்மாவிடமிருந்து போன்.

“ஏய்யா, அது திறக்க மாட்டேங்குது. பாஸ்வேர்டு சொல்லுங்கன்னு கடைக்காரத் தம்பி கேக்கான்.”

“அதாம்மா, பேரும் வருஷமும்!”

“எந்தப் பேரு? எந்த வருஷம்?”

“ஐயோ அம்மா, இதுகூடவா தெரியாது?”

அதற்குள் கடையில் கரண்ட் போய்விட்டது. வேலை திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. திங்கட்கிழமை வெளியே போனால் அம்மாவுக்கு அன்றைய கூலி கிடையாது.

இது கற்பனை உரையாடல்தான். ஆனால் இதைப் போல ஒன்று உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். சில நாள் நீங்கள் அந்த மகன். சில நாள் ஏதோ ஓர் அலுவலகக் கவுன்ட்டருக்கு முன்னால் நீங்கள்தான் அந்த அம்மா.

மகன் கெட்டவர் இல்லை, அம்மாவும் விவரம் இல்லாதவர் இல்லை. தனக்குத் தெரிந்த ஒரு விஷயம் எதிரில் இருப்பவருக்குத் தெரியாது என்பது அந்த நேரத்தில் மகனுக்கு நினைவில் இல்லை. அவ்வளவுதான் நடந்தது. நன்றாகத் தெரிந்தவர்களுக்கே இது ஏன் மறந்துபோகிறது? அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? அதைத் தவிர்ப்பது எப்படி? இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

விட்டுப்போன அந்த ஒரு படி

முதலில் அந்தப் பாஸ்வேர்டு விஷயத்தை முடித்துவிடுவோம்.

ஆதார் இணையதளத்திலிருந்து இறக்கிய பிடிஎஃப் கோப்பைத் திறக்க எழுத்துகளும் எண்களும் சேர்ந்த ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ஆதாரில் உள்ளபடி உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், எல்லாமே பெரிய எழுத்தில். அதை ஒட்டி, இடைவெளி விடாமல், பிறந்த ஆண்டு நான்கு இலக்கத்தில். நம் ஊரில் பலருக்குப் பெயருக்கு முன்னால் இனிஷியல் இருக்கும். ஆதாரில் இனிஷியலும் அதன் பின்னால் புள்ளியும் இருந்தால், அந்த இரண்டும் நான்கில் சேரும். பெயருக்கு நடுவில் உள்ள இடைவெளி சேராது.

இத்தனையையும் மகன் “பேரும் வருஷமும்” என்ற இரண்டே சொல்லில் அடக்கிவிட்டார். அவர் காதில் அது முழு விளக்கமாகத்தான் விழுந்தது. அம்மாவுக்கோ அது பாதி விளக்கம்கூட இல்லை. கூப்பிடும் பெயரா, கார்டில் உள்ள பெயரா? தமிழிலா, இங்கிலீஷிலா? பிறந்த வருஷமா, ஆதார் எடுத்த வருஷமா? இந்தக் கேள்விகள் எதுவும் மகன் மனதில் எழவே இல்லை, ஏனென்றால் அவருக்குப் பதில் முன்பே தெரியும்.

மேசையில் தட்டிய பாட்டு

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி 1990-ல் ஒரு சோதனை செய்தார். அங்கே எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, ஒருவர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து விரலால் மேசையில் தாளம் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்து பாடக் கூடாது, முணுமுணுக்கவும் கூடாது.

‘எதிரில் இருப்பவர் கண்டுபிடிப்பாரா?’ என்று தட்டியவர்களிடம் கேட்டபோது, பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று கணித்தார்கள். உண்மையில் தட்டிய 120 பாட்டுகளில் சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டவை வெறும் 3.

நம்பிக்கை வரவில்லையா? இன்று இரவு வீட்டிலேயே செய்து பாருங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு சினிமாப் பாட்டைச் சாப்பாட்டு மேசையில் தட்டுங்கள். நீங்கள் தட்டும்போது உங்கள் தலைக்குள் ராகம், வரிகள், பாடியவரின் குரல் எல்லாம் சேர்ந்து ஓடும். எதிரில் இருப்பவருக்குக் கேட்பது ‘டொக், டொக், டொடொக்’ மட்டும்தான். “இவ்வளவு ஈஸியான பாட்டு, இதுகூடத் தெரியலையா?” என்று உங்களுக்குக் கோபம்கூட வரும். போனில் மகனுக்கு வந்ததும் இதே கோபம்தான்.

தெரிந்துகொண்டதே தெரியாதவரைப் புரிந்துகொள்ளத் தடையாக நிற்கும் இந்த நிலைக்கு ‘அறிவின் சாபம்’ என்று ஒரு பெயர் உண்டு. கொலின் கேமரர், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், மார்ட்டின் வெபர் ஆகிய மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 1989-ல் எழுதிய கட்டுரை மூலம் இந்தப் பெயர் பரவியது. ஒரு தகவலைத் தெரிந்துகொண்டவர்கள், அது தெரியாதவர் என்ன முடிவெடுப்பார் என்று கணிக்கும்போது, தனக்குத் தெரிந்ததை முழுசாக ஒதுக்கிவைக்க முடியாமல் தவறுகிறார்கள் என்று அதில் காட்டினார்கள்.

சாக்லேட் எந்த அலமாரியில்?

இது நம்முடன் சின்ன வயதிலிருந்தே வரும் பழக்கம். ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள் 1983-ல் வெளியிட்ட சோதனை இது. குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வரும் மாக்ஸி சாக்லேட்டை எங்கே தேடுவான்?

மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டினார்கள். ‘எனக்குத் தெரியுமே, அப்படின்னா மாக்ஸிக்கும் தெரியும்’ என்பது அவர்கள் கணக்கு. வயது கூடக் கூட, மாக்ஸிக்கு விஷயம் தெரியாது, அதனால் அவன் பழைய இடத்தில்தான் தேடுவான் என்பது பிடிபடுகிறது.

பெரியவர்கள் இதைத் தாண்டி வந்துவிட்டோமா? முழுசாக இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் போவாஸ் கெய்சாரும் அவருடைய குழுவினரும் 2000-ல் பெரியவர்களை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இருவருக்கு நடுவில் கட்டம் கட்டமாக ஓர் அலமாரி. சில கட்டங்கள் ஒரு பக்கம் மூடியிருக்கும், எதிரில் உட்கார்ந்து சொல்பவருக்கு அதில் உள்ளது தெரியாது. அலமாரியில் மூன்று அளவில் மெழுகுவத்திகள். அவற்றில் மிகச் சின்னது, சொல்பவர் கண்ணுக்குத் தெரியாத கட்டத்தில். “சின்ன மெழுகுவத்தியை நகர்த்துங்க” என்று அவர் சொன்னால், அவருக்குத் தெரியும் இரண்டில் சின்னதைத்தான் சொல்கிறார் என்று அர்த்தம். ஆனால் கேட்டவர்களின் கண் பல முறை முதலில் போனது, சொல்பவருக்குத் தெரியவே தெரியாத அந்த மிகச் சின்ன மெழுகுவத்திக்குத்தான். சிலர் கையையே நீட்டிவிட்டார்கள்.

ஆக, நாம் எல்லோரும் முதலில் நம் பக்கத்திலிருந்துதான் பார்க்கிறோம். அடுத்தவர் பக்கத்திலிருந்து பார்ப்பது அதற்குப் பிறகு கொஞ்சம் முயற்சி எடுத்துச் செய்யும் வேலை. அவசரம், களைப்பு, பின்னால் நீளமான வரிசை என்று ஏதாவது ஒன்று இருந்தால் அந்த இரண்டாவது வேலை நடக்காமலே போய்விடும்.

ஏன் மறந்துபோகிறது?

மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

ஒன்று, தெரிந்ததைத் தெரியாததாக ஆக்க முடியாது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு, பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டுப் படிக்காமல் இருக்க உங்களால் முடியுமா? முடியாது. படிக்கத் தெரியாதவருக்கு அந்தப் பலகை எப்படித் தெரியும் என்று கற்பனை செய்வதும் அதே அளவு கஷ்டம்.

இரண்டு, பழகப் பழகப் பல படிகள் ஒன்றாகச் சுருங்கிவிடும். “லாக்-இன் பண்ணுங்க” என்று நாம் ஒரே வேலையாகச் சொல்கிறோம். புதியவருக்கு அது எத்தனை வேலை, எண்ணிப் பாருங்கள். சரியான இணையதளத்தைத் தேட வேண்டும். அதைப் போலவே இருக்கும் போலித் தளத்தைத் தவிர்க்க வேண்டும். உள்நுழையும் பொத்தானைக் கண்டுபிடிக்க வேண்டும். செல்பேசி எண்ணைப் போட வேண்டும். கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். ஓடிபி வந்ததும் அந்தத் திரையை விட்டு எஸ்எம்எஸ் பக்கம் போய், எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, நேரம் முடிவதற்குள் திரும்பி வந்து அதைப் போட வேண்டும். பழகியவர் கை இதை அரை நிமிஷத்தில் முடித்துவிடும். கை செய்து முடித்துவிடுவதால் வாய் அதைச் சொல்வதில்லை.

மூன்று, எதிரில் இருப்பவர் தலையாட்டிவிடுகிறார். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் “ம்” என்றுதான் சொல்வார்கள். புரியவில்லை என்று சொல்ல வெட்கம், அல்லது பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்களோ என்ற கூச்சம். புரிந்துவிட்டது என்று அவரே நினைத்துக்கொள்வதும் உண்டு. வீட்டுக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் சந்தேகம் வரும். சொன்னவருக்கோ, தான் சரியாகச் சொல்லவில்லை என்பது கடைசி வரை தெரியாது. அடுத்தவருக்கும் அதையே அதே மாதிரி சொல்வார்.

சிலர் மட்டும் ஏன் அதிகமாக?

இது எல்லோருக்கும் உள்ள குறைதான். ஆனாலும் சிலரிடம் கூடுதலாகத் தெரிகிறது. ஒரே வேலையைப் பல வருஷமாகப் பார்ப்பவர்கள், தன்னைப் போலவே விஷயம் தெரிந்தவர்களுடன் மட்டும் நாள் முழுக்கப் பேசுபவர்கள், எதிரில் இருப்பவர் திருப்பிக் கேள்வி கேட்கத் தயங்கும் நாற்காலியில் இருப்பவர்கள் அந்தச் சிலர். வீட்டில் அந்த நாற்காலி அப்பாவுடையதாக இருக்கலாம். ஸ்மார்ட்போன் விஷயத்தில் அது பெரும்பாலும் பிள்ளைகளுடையது.

அனுபவம் கூடினால் விளக்கும் திறமையும் கூடும் என்றுதானே நினைப்போம்? பமேலா ஹிண்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1999-ல் வெளியிட்ட ஆய்வில் இதைச் செல்பேசியை வைத்தே சோதித்தார். செல்பேசியில் ஒரு வேலையைச் செய்து முடிக்கப் புதியவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பலரிடம் கேட்டார். அதில் நன்கு தேர்ந்தவர்கள் உண்மையில் ஆன நேரத்தைவிட மிகக் குறைவாகச் சொன்னார்கள். ஓரளவுக்கு மட்டும் பழகியவர்களின் கணிப்புதான் உண்மைக்குப் பக்கத்தில் வந்தது. தேர்ந்தவர்களின் கணிப்பைச் சரிசெய்யக் கைகொடுத்துப் பார்த்தபோதும் பெரிதாகப் பலன் இல்லை.

இதில் நமக்கு இரண்டு பாடம் உண்டு. ‘தெரியாதவர் இடத்தில் இருந்து யோசித்துப் பார்’ என்ற அறிவுரை நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. யோசிப்பதைவிட, அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது மேல். இரண்டாவது பாடம் இன்னும் எளிது. அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கச் சரியான ஆள், போன வாரம்தான் அதைக் கற்றுக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம். எங்கே தடுக்கும் என்பது அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

‘ஆலமரத்து வயல்’ எந்தப் புல எண்?

இணைய வழிச் சேவைகளில் இந்தப் பிரச்சினை அடிக்கடி வரும் ஓர் இடத்தைப் பார்ப்போம். “பட்டாவை ஆன்லைன்லயே பார்த்துக்கலாமே, ரெண்டு நிமிஷம்” என்பார்கள். பார்க்கலாம்தான். ஆனால் அதற்கு முன்னால் சில விஷயம் கையில் இருக்க வேண்டும்.

கிராமப்புற நிலம் என்றால் மாவட்டம், வட்டம், கிராமம் மூன்றையும் தேர்ந்தெடுத்துவிட்டு, பட்டா எண்ணையோ புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையுமோ போட வேண்டும். தாத்தா நிலத்தைத் தேடும் பேரனுக்குத் தெரிந்தது ‘ஆலமரத்து வயல்’ என்ற பெயர் மட்டும். பட்டியலில் ஊர்ப் பெயரைத் தேடினால் அதுவும் இல்லை. ஏன்? அங்கே வருவது வருவாய்க் கிராமத்தின் பெயர். நாம் ஊர் என்று சொல்லும் குடியிருப்பு, வேறு பெயருள்ள ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் அடங்கியிருக்கலாம். வருவாய்த் துறையில் இருப்பவருக்கு இது அரிச்சுவடி. அதனாலேயே அதைச் சொல்ல அவருக்குத் தோன்றுவதில்லை. பேரனோ “நம்ம ஊரே லிஸ்ட்ல இல்லை” என்று போனை மூடி வைத்துவிடுகிறார்.

உங்களுக்கும் இப்படி ஆகியிருந்தால், வீட்டில் உள்ள கிரயப் பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியைப் பாருங்கள். வருவாய்க் கிராமத்தின் பெயரும் புல எண்ணும் அங்கே இருக்கும். பத்திரம் மிகப் பழையது என்றால் இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போதோ பிறகு உட்பிரிவு செய்தபோதோ எண் மாறியிருக்கலாம். அப்போது கிராம நிர்வாக அலுவலரிடம் பத்திரத்தின் நகலைக் காட்டி, “இந்தப் பழைய எண்ணுக்கு இப்போ உள்ள புல எண், உட்பிரிவு எண் என்ன?” என்று கேளுங்கள். ‘பட்டா வேணும்’ என்று பொதுவாகக் கேட்பதைவிட இந்தக் கேள்விக்குச் சீக்கிரம் பதில் கிடைக்கும்.

பணமே போகும் இடம்: ஓடிபி

இதுவரை பார்த்ததில் நஷ்டம் அலைச்சலும் ஒரு நாள் கூலியும்தான். சொல்லாமல் விட்ட ஒரு வரி, சேமிப்பு மொத்தத்தையும் காலி செய்யும் இடமும் உண்டு.

“ஓடிபியை யாரிடமும் சொல்லாதீங்க” என்று வீட்டுப் பெரியவர்களுக்கு நாம் எல்லோரும் சொல்லியிருப்போம். அடுத்த வாரம் அவரே இ-சேவை மையத்துக்குப் போகிறார். அங்கே உட்கார்ந்திருக்கும் பணியாளர், “பாட்டி, போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க” என்கிறார். பாட்டி தயங்குகிறார். “சொன்னாத்தான் வேலை நடக்கும்” என்கிறார் பணியாளர். பாட்டி சொல்கிறார், வேலையும் முடிகிறது. பாட்டி அதிலிருந்து கற்றுக்கொண்டது என்ன? ‘யாரிடமும் சொல்லாதே என்றார்கள். ஆனால் ஆபீஸ்காரர் கேட்டால் சொல்லணும் போல.’ அடுத்த மாதம் “பேங்க் ஆபீஸ்ல இருந்து பேசறேன்” என்று ஒரு போன் வருகிறது. பாட்டி சொல்லிவிடுகிறார்.

தப்பு பாட்டி மேல் இல்லை. நாம் சொன்னது முழு விதி இல்லை. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்கு வெளிப்படையாகத் தெரிவதால், அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. முழுசாகச் சொன்னால் இப்படி இருக்கும்:

• வேலையை ஆரம்பித்தது யார் என்று பாருங்கள். நீங்களே ஒரு மையத்துக்குப் போய், உங்கள் வேலைக்காக, உங்கள் கண் முன்னால் ஒருவர் கேட்பது வேறு. அவர்களாகவே போன் செய்து கேட்பது வேறு. போனில் வந்து கேட்பவர் யாராக இருந்தாலும், எந்த அலுவலகத்தின் பெயரைச் சொன்னாலும், எண்ணைச் சொல்லக் கூடாது.

• எண்ணைச் சொல்வதற்கு முன் அந்த எஸ்எம்எஸ்ஸை முழுசாகப் படியுங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அது எதற்கான எண் என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். நீங்கள் கேட்ட சேவைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பணம் எடுப்பது பற்றி ஒரு வார்த்தை இருந்தாலும் சொல்லாதீர்கள்.

• யுபிஐ ரகசிய எண் வேறு விஷயம். அதை எதிரில் இருப்பவரிடமும் சொல்லக் கூடாது. பணம் உங்கள் கணக்குக்கு வருவதற்கு அந்த எண் தேவையே இல்லை. “பணம் வரணும்னா பின் நம்பர் போடுங்க” என்றால் அது மோசடி.

• ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறுவதைத் தடுக்க அவ்வளவு வாய்ப்பு.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆதார் சார்ந்த சேவைகளில் ஓடிபி வருவது ஆதாரில் பதிவான செல்பேசி எண்ணுக்கு. கையில் வைத்திருக்கும் எண்ணுக்கே வரும் என்று கிடையாது. “ஓடிபி வரவே இல்லை” என்று காத்திருக்கும் பலருக்கு, அது எப்போதோ தொலைந்துபோன பழைய சிம்முக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்தப் பழைய எண் இப்போது இல்லையென்றால், வேறு எதற்கும் முன்னால் ஆதாரில் எண்ணைப் புதுப்பிக்க வேண்டும்.

நீங்கள் சொல்பவர் என்றால்

போனை வாங்கி நீங்களே செய்து கொடுத்துவிடாதீர்கள். சீக்கிரம் முடியும்தான். ஆனால் எங்கே தடுக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, அடுத்த முறை அவருக்கும் வராது. போன் அவர் கையில் இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் விரல் எந்த இடத்தில் நின்று தயங்குகிறதோ, அந்த இடம்தான் நீங்கள் சொல்லாமல் விட்ட படி.

“புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். “நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும், இப்போ அங்க போய் என்ன கேப்பீங்க, ஒரு தடவை சொல்லுங்க” என்று கேளுங்கள். மருத்துவமனைகளில் மாத்திரை சாப்பிடும் முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்லும் வழக்கம் உண்டு. அதே முறைதான் இதுவும். சோதனை உங்கள் விளக்கத்துக்கு, அவருடைய மூளைக்கு இல்லை என்பது தொனியில் தெரிய வேண்டும்.

போனில் சொல்லும்போது, அவர் திரையில் என்ன தெரிகிறது என்று முதலில் கேளுங்கள். “மேலே மூணு கோடு இருக்கும்ல” என்பது உங்கள் போனில். அவர் போனில் அது மூன்று புள்ளியாக இருக்கலாம், அல்லது அவர் வேறு பக்கத்திலேயே இருக்கலாம். முடிந்தால் ஒவ்வொரு படியையும் திரைப்படமாக எடுத்து, அழுத்த வேண்டிய இடத்தில் வட்டம் போட்டு அனுப்புங்கள். ஒரு செய்திக்கு ஒரு படி போதும்.

நீங்கள் கேட்பவர் என்றால்

எதிரில் இருப்பவர் நல்லவராகவே இருந்தாலும் ஏதாவது ஒரு படியை மறப்பார் என்று எதிர்பார்த்தே போங்கள். அவர் மறப்பதை நீங்கள் கேட்டு வாங்கலாம். கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன் இந்த ஆறு கேள்விக்கும் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்:

1. என்னென்ன ஆவணம் வேண்டும்? அசலா, நகலா, இரண்டுமா?

2. நகலில் யார் கையெழுத்துப் போட வேண்டும்? நானா, வேறு யாராவதா?

3. யார் நேரில் வர வேண்டும்? விண்ணப்பதாரரேதான் வரணுமா?

4. எந்தச் செல்பேசி எண்ணுக்குச் செய்தி வரும்?

5. ஒப்புகைச் சீட்டில் என் விண்ணப்ப எண் எது? அதைக் கொண்டு நிலையைப் பார்ப்பது எப்படி?

6. விண்ணப்பம் திரும்பி வந்தால், காரணம் எங்கே தெரியும்? அடுத்து நான் எங்கே போக வேண்டும்?

பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கச் சிரமம் என்றால், “ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க” என்று கேளுங்கள். பிறகு அதைத் திருப்பிச் சொல்லுங்கள்: “அப்போ நான் ரேஷன் கார்டு அசலும், அப்பாவோட ஆதார் நகலும் கொண்டு வரணும். அப்பா வர வேண்டாம். சரிதானே?” இந்த ஒரு வாக்கியத்துக்குப் பத்து விநாடிதான் ஆகும். பல நேரம் “இல்லைங்க, அப்பாவும் வரணும்” என்ற பதில் அப்போதுதான் வரும்.

தெரியாத சொல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். “உட்பிரிவுன்னா என்னங்க?” என்று கேட்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை. அந்த அலுவலரும் ஒரு காலத்தில் அந்தச் சொல்லை யாரிடமாவது கேட்டுத்தான் தெரிந்துகொண்டிருப்பார். அவருக்கு அது மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். ஓடிபி பற்றி மேலே உள்ள நான்கு குறிப்புகளையும் இன்றைக்கே வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, “இப்போ ஒருத்தர் போன் பண்ணி பேங்க்ல இருந்து பேசறேன்னு ஓடிபி கேக்கறாரு. என்ன செய்வீங்க? அதுவே இ-சேவை மையத்துல கேட்டா?” என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். அதில் ஏதாவது தவறு இருந்தால், “இதுகூடவா தெரியாது?” என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் சொல்லாமல் விட்டது எது என்று பார்த்து, அதை இன்னொரு தடவை சொல்லுங்கள்.